சேப்பாக்கத்தில் அந்த 97

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களில் யாருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். வென்ற கோப்பைகள், ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான தடவைகள் என்று பலவற்றைச் சேர்த்துச் சதவீதம் போடுவார்கள். பெரும்பாலும் பலிக்கும். ஏற்கெனவே உள்ளே போனவர்களின் சாயல் யாரிடம் இருக்கிறது என்றுதானே அந்தக் கணக்கு பார்க்கிறது!

நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1975 ஜனவரி, சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தார். இந்தியா 190 ரன். அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் அவுட் ஆகாமல் 97. கடைசியில் 100 ரன் வித்தியாசத்தில் நமக்கு வெற்றி.

சதக் கணக்கில் அந்த 97 சேராது. 91 டெஸ்ட், 6080 ரன், 14 சதம், சராசரி 41.93. ஏட்டில் இருக்கும் விஸ்வநாத் இவ்வளவுதான். 2009-ல் ஐ.சி.சி. புகழ் மண்டபம் தொடங்கியபோது கவாஸ்கர், பேடி, கபில்தேவ் மூவரும் முதல் பட்டியலில் இருந்தார்கள். விஸ்வநாத் இல்லை.

ஆனால் 2001-லேயே விஸ்டன் வேறு கணக்குப் போட்டிருந்தது. ஆடுகளம், எதிரணிப் பந்துவீச்சின் பலம், ஆட்டத்தின் முடிவு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, தலைசிறந்த 100 டெஸ்ட் இன்னிங்ஸ்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் இந்த 97-க்கும் இடம் கிடைத்தது.

எண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை எண்ணுவது என்று முடிவு செய்பவர் மனிதர். அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சராசரி நினைவிருக்காது, அந்த ஸ்கொயர் கட் நினைவிருக்கும்.