தடை தேர்ந்தெடுத்த தோட்டா: மைசூர்க் காடுகளும் வேட்டைத் துப்பாக்கியின் எண்களும்

வேட்டைக்கு உகந்த தோட்டா எது என்ற வினாவுக்கு விலங்கின் எடை, குண்டின் வேகம், ஊடுருவல் ஆகியவற்றைக் கொண்டு விடை காண்பதே வழக்கம். காலனிய இந்தியாவிலோ இவ்வினாவுக்குப் பெரும்பாலும் விடையளித்தது சட்டமே.

1878இல் வெளிவந்த ஜி.பி. சாண்டர்சனின் நூல் மைசூர்ச் சமஸ்தானத்தின் யானைக் காடுகளைப் பேசுகிறது. அவர் காலத்துப் பெருந்துப்பாக்கிகளின் பெயரே எடையைக் குறித்தது: ஒரு பவுண்டு ஈயத்தில் எட்டு உருண்டைகள் வார்த்தால் எட்டுப் போர், நான்கு வார்த்தால் நான்கு போர். எண் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். ஈயமும் கரிமருந்தும் இருந்தால் முகாமிலேயே குண்டு வார்த்துக்கொள்ளலாம் என்பதால் கிடைப்பருமை பெரிய இடர்ப்பாடாக இல்லை.

1898இல் ரிக்பி நிறுவனம் புகையில்லா மருந்தில் .450 தோட்டாவை அறிமுகப்படுத்தியதும் நிலை மாறியது. 480 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் பாய்ந்தது. யானைக்கும் காட்டெருதுக்கும் அதுவே போதும். ஆயினும் 1907ஆம் ஆண்டளவில் இந்திய அரசு .450 துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. இராணுவம் கைவிட்ட மார்டினி-ஹென்றி துப்பாக்கிகளின் குழலும் அதே அளவினது. வேட்டைக்கு வரும் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்பதே அச்சம்.

இலண்டன் தயாரிப்பாளர்கள் வாளாவிருக்கவில்லை. .465, .470, .475 என வரிசையாகப் புதிய தோட்டாக்கள் பிறந்தன. .470இன் குண்டு 500 கிரெய்ன். வேகம் அதே 2,150 அடி. களத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. இன்று ஆப்பிரிக்காவில் புகழ்பெற்றிருக்கும் .470இன் பிறப்பில் வேட்டைக்காரனின் அனுபவத்தைவிட இந்தியச் சுங்கத்துறைக்கே பங்கு அதிகம்.

இந்த எண்களை அளவைகளாகக் கொள்வதைவிடப் பெயர்களாகக் கொள்வதே பொருத்தம். .450இன் குண்டு விட்டம் உண்மையில் .458 அங்குலம்; .405 வின்செஸ்டருக்கு .411. பழைய .450 கூட்டின் கழுத்தை ஒடுக்கிச் செய்த .450/400, பெயரில் தடைபட்ட எண்ணைச் சுமந்தும் இந்தியக் காடுகளில் தடையின்றி உலவியது. ஜிம் கார்பெட்டிடமும் அது இருந்தது. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசளிக்கப்பட்ட .275 ரிக்பி இன்னும் விந்தையானது: தென்னாப்பிரிக்காவில் போயர்கள் ஆங்கிலேயரைச் சுட்ட 7 மி.மீ. மவுசர் தோட்டாவின் ஆங்கிலப் பெயரே அது! இந்தியப் படையின் கையில் இல்லாத அளவு என்பதால் இங்கு அதனால் ஆபத்தில்லை. 'த்ரீ நாட் த்ரீ' குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதும், ஆஸ்திரியப் படையின் 8 மி.மீ. தோட்டா .315 என்ற பெயரில் இச்சாப்பூர்த் துப்பாக்கிகள் வழியே அனுமதிக்கப்பட்டதும் இதே தருக்கத்தால்தான். விடுதலைக்குப் பின்னரும் 'தடைசெய்யப்பட்ட போர்' என்ற வகைப்பாடு நீடிக்கிறது.

ஜவளகிரி, பென்னாகரம் காடுகளைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகமாக்கிய பெங்களூர்க் கென்னத் ஆண்டர்சன் பெரிதும் நம்பியது .405 வின்செஸ்டர். 1904இல் அமெரிக்காவில் தோன்றிய இத்தோட்டாவின் 300 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் புலிக்கும் சிறுத்தைக்கும் தாராளம். ஆனால் அதைச் சுடும் 1895 மாதிரித் துப்பாக்கியின் உற்பத்தி 1940க்குள் நின்றுவிட்டது. 1960களில் கைனாக் நிறுவனமும் பெருந்தோட்டாக்களைப் படிப்படியாகக் கைவிட்டது. விலையுயர்ந்த பல இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பழுதேதுமின்றி ஊமையாயின. கடைக்காரரிடம் எது கிடைக்குமோ அதுவே சிறந்த தோட்டா என்றாயிற்று.

மைசூருக்கு வடக்கே, இராமானுசர் மரபும் மண்டியம் ஐயங்கார்களின் தமிழும் நிலைத்த மேல்கோட்டையில் இந்தப் பெருந்தோட்டாக்களுக்கு வேலையே இருந்ததில்லை. அதன் பாறைக்குன்றுகளிலும் முட்புதர்களிலும் திரிந்தவை ஓநாயும் சிறுத்தையும், அவற்றுக்கு.275 போன்ற சிறு தோட்டாவே மிகை. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல், ஆண்டர்சன் மறைந்த அதே ஆண்டில், மேல்கோட்டைக் குன்றுகள் ஓநாய்களுக்கான சரணாலயமாயின.