குடிநோயாளி என்று யார் சொல்வது?

குடியை விட முடியாமல் தவிப்பவரைக் 'குடிகாரன்' என்று சொல்லக் கூடாது, 'குடிநோயாளி' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது இன்று தமிழில் ஓரளவு நிலைபெற்றுவிட்ட வழக்கு. பத்திரிகைகள் எழுதுகின்றன, மறுவாழ்வு மையங்களின் பலகைகளில் இருக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கதையும் சொல்லப்படுகிறது. முன்பெல்லாம் குடித்தவனைப் பாவி என்றார்கள். பிறகு மருத்துவம் வளர்ந்து, அவன் நோயாளி என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து அவனுக்கு விடிவுகாலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொற்கள் உருவான பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்தது வேறு. அங்கே 'நோய்' என்ற சொல் வந்தபோது கூடவே பூட்டும் சாவியும் வந்தன. அதே சொல்லைக் குடித்தவர்களே தங்கள் வாயால் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது அவர்களுக்குப் பயன்பட்டது. எந்தச் சொல் என்பதைவிட யார் சொன்னார்கள், சொன்ன பிறகு யார் வசம் போனார்கள் என்பதே இந்த வரலாற்றில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவர்கள் இதை நோய் என்று சொல்லத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1784-இல் சாராயத்தின் தீங்குகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பீர், ஒயினோடு அவருக்குச் சண்டை இல்லை; காய்ச்சி வடித்த சரக்குதான் அவருடைய எதிரி. அவர் சொன்ன வைத்தியங்களில் ஆளைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதும் ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் ட்ராட்டர் 1804-இல் குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்று எழுதினார். 1849-இல் ஸ்வீடன் மருத்துவர் மாக்னஸ் ஹுஸ் 'ஆல்கஹாலிசம்' என்ற சொல்லையே ஆக்கிக் கொடுத்தார். ஹுஸ் அந்தச் சொல்லால் சுட்டியது நாள்பட்ட குடியால் உடம்பு கெடுவதை. குடிக்காமல் இருக்க முடியாத தவிப்பு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. எப்படியானாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சொல் தயாராகிவிட்டது. 1864-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் குடியர்களுக்கென்றே அரண்மனை மாதிரி ஒரு காப்பகமும் திறந்தார்கள். பதினைந்து ஆண்டில் அது நாள்பட்ட மனநோயாளிகளுக்கான இடமாக மாற்றப்பட்டது.

இந்தச் சொல் சட்டத்துக்குள் நுழைந்தபோது என்ன ஆனது என்பதைப் பிரிட்டன் காட்டுகிறது. 1879-இல் அங்கே 'வழக்கக் குடியர் சட்டம்' வந்தது. பைத்தியக்காரர் சட்டத்துக்குள் அடங்காமல், ஆனால் தொடர் குடியால் சில சமயம் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிறவர், அல்லது தன்னையும் தன் காரியங்களையும் கவனித்துக்கொள்ள முடியாதவர் என்று சட்டம் அவரை வரையறுத்தது. அவர் தானே விரும்பித்தான் காப்பகத்தில் சேரலாம். ஆனால் சேருகிற முறையைப் பாருங்கள்: இவர் வழக்கக் குடியர்தான் என்று இரண்டு பேர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அவர் இரண்டு நீதிபதிகள் முன்னால் கையெழுத்திட வேண்டும், செலவும் அவருடையதே. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஓராண்டு வரை வெளியே வர முடியாது, ஓடிப்போனால் வாரண்ட். தாமாகச் சேர்ந்தவர்கள் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. 1888-இல் சட்டத்தின் பெயரைச் சற்று மரியாதையாக மாற்றினார்கள், 'இனிப்ரியேட்' (போதையில் இருப்பவர்) என்று. அந்த மரியாதையான சொல்லை வைத்துக்கொண்டே 1898-இல் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். ஓராண்டுக்குள் நான்காவது முறையாகக் குடிபோதைக் குற்றத்தில் பிடிபட்டவரை மூன்றாண்டு வரை சீர்திருத்தச் சாலையில் அடைக்க முடிந்தது. வெறும் குடிபோதைக்கு அதற்கு முன்னால் கிடைத்ததோ சில நாள், சில வாரச் சிறைதான். குற்றவாளியாக ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர் இப்போது நோயாளியாக மூன்றாண்டு உள்ளே இருந்தார். அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் சிக்கிய தாய்மார் அவர்களில் பலர். ஆண்களும் அதே தெருவில், அதே கடையில் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் இந்தச் சாலைகள் ஓய்ந்துபோயின. அவற்றைத் திறந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு திறக்கவில்லை. பலர் உண்மையான இரக்கத்தோடு வாதாடிய மருத்துவர்கள். அவர்களுடைய இரக்கத்தில் குடித்தவர் பேசுவதற்கு மட்டும் இடமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு முயற்சி இதற்கு முன்பே நடந்து, மறக்கப்பட்டும் போயிருந்தது. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சேஸ் என்பவரின் மதுக்கடையில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு நண்பர்கள் இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். தங்கள் சங்கத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரை வைத்தார்கள். அதுவரை மதுவிலக்குக் கூட்டமென்றால் பாதிரியார் பேசுவார், குடித்தவன் தலை குனிந்து கேட்பான். இவர்கள் கூட்டத்தில் குடித்தவனே எழுந்து தன் கதையைச் சொன்னான். சில ஆண்டுகளில் நாடெங்கும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 1842-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் பேசினார். பெயர் ஆபிரகாம் லிங்கன். குடியர்களைச் சபித்துப் பேசியவர்களை அவர் அங்கே கண்டித்தார். இவ்வளவு வேகமாக எழுந்த இயக்கம் அதே பத்தாண்டு முடிவதற்குள் கரைந்தது. மதுவிலக்குச் சட்ட அரசியலும் தேவாலயங்களோடு மனக்கசப்பும் உள்ளே புகுந்ததும், குடித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம் பறிபோயிற்று.

அந்த இடம் திரும்பக் கிடைக்கச் சுமார் 90 ஆண்டு பிடித்தது. 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில், மேஃப்ளவர் ஓட்டல் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வந்த வியாபாரம் கைகூடவில்லை, கையில் காசு இல்லை, ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த மாதங்களில் அவர் பல குடிகாரர்களைத் தேடிப் போய் உபதேசம் செய்திருந்தார், ஒருவரும் திருந்தவில்லை. உபதேசத்தை விட்டுவிட்டு இந்த நோயின் கடுமையை முதலில் சொல் என்று அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சில்க்வொர்த் அறிவுரை கூறியிருந்தார். வில்சன் தொலைபேசியை எடுத்து, ஊர்ப் பாதிரியார்கள் வழியாக விசாரித்து, தன்னைப் போலவே தவிக்கும் ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் ஒரு அறுவை மருத்துவர், பாப் ஸ்மித். கால்மணி நேரம் என்று சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10 என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாளாகக் கணக்கிடப்படுகிறது. ஸ்மித் மருத்துவர், குடியின் தீங்கைப் பற்றி அவருக்குத் தெரியாத மருத்துவச் செய்தி எதையும் ஒரு பங்குச்சந்தைக்காரர் சொல்லியிருக்க முடியாது. தானும் விழுந்து கிடந்தவன் என்ற தகுதி ஒன்றுதான் வில்சனிடம் புதிதாக இருந்தது.

நோய் என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியதே இந்த இயக்கம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் சரி. 1944-இல் இதைப் பொதுமக்கள் பிரச்சாரமாக எடுத்துச் சென்றவர் இயக்கத்தின் தொடக்ககாலப் பெண் உறுப்பினர்களில் ஒருவரான மார்ட்டி மான். இயக்கத்துக்கு வெளியே தனி அமைப்பு நிறுவித்தான் அவர் அதைச் செய்தார். வில்சனோ 1960-இல் கத்தோலிக்கக் குருமார்களிடம் பேசியபோது, தாங்கள் 'டிசீஸ்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, பிணி, நலக்கேடு என்பது போன்ற பொதுவான சொற்களையே பயன்படுத்துவதாக விளக்கினார். மருத்துவரோடு அவர்களுக்குப் பகை இல்லை. தங்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. இன்னார் உறுப்பினர் என்று அங்கே எந்த மருத்துவரும் சான்று தருவதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும். பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொள்கிறார், வைத்துக்கொண்ட பிறகு எழுந்து வீட்டுக்கும் போகிறார். 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரால் அது முடிந்திருக்காது.

மற்ற போதைப் பொருள்களின் கதையில் பூட்டு இன்னும் கனமானது. போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1914-இல் வந்த ஹாரிசன் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அபின், மார்ஃபின் பழகியவர் மருத்துவரிடம் போவதே கடினமாயிற்று. ஏக்ரன் சந்திப்பு நடந்த அதே 1935 மே மாதம், கென்டக்கியின் லெக்சிங்டனில் மத்திய அரசு 'போதைப் பண்ணை' ஒன்றைத் திறந்தது. தண்டனைக் கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அதன் பெயர் மருத்துவமனை என்று மாறியது, கம்பிகள் மாறவில்லை. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராபின்சன் வழக்கில் ரத்து செய்தது. நோயாளியாக இருப்பதற்குத் தண்டனை கூடாது என்பது அதன் வாதம். ஆறே ஆண்டில், பொது இடத்தில் குடித்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பவல் என்பவர் அதே வாதத்தோடு போனார். 1968-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். சொல் ஒன்றேதான், அதை ஏற்கவும் தள்ளவும் அதிகாரம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சொல்லுக்கு இவ்வளவு குறைந்த சக்திதான் என்றால், எதற்கு இந்தத் திருத்தமெல்லாம், குடிகாரன் என்றே இருக்கட்டுமே என்று கேட்கலாம். அப்படி விட்டுவிட முடியாது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜான் கெல்லி என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 500-க்கும் மேற்பட்ட மனநலத் துறையினருக்கு ஒரே நோயாளியின் விவரத்தைக் கொடுத்தார்கள். பாதிப்பேரின் தாளில் அவர் போதைப் பொருளைத் 'துஷ்பிரயோகம் செய்பவர்' என்று இருந்தது. மற்றவர்கள் தாளில் போதைப் பயன்பாட்டுக் 'கோளாறு உள்ளவர்' என்று இருந்தது. முதல் சொல்லைப் படித்தவர்கள் அவர்மீது அதிகப் பழி சுமத்தினார்கள், தண்டிக்கும் நடவடிக்கைக்கும் அதிகம் தலையசைத்தார்கள். படித்தவர்கள் பயிற்சி பெற்ற நிபுணர்கள் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013-இல் தன் கையேட்டிலிருந்து 'துஷ்பிரயோகம்' என்ற வகையையே நீக்கியது. ஆக, சொல் வேலை செய்கிறது. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருப்பவர்மீதும் அது வேலை செய்கிறது என்பதையும் இதே ஆய்வு காட்டுகிறது.

இன்னோர் ஆட்சேபம் நம் ஊரில் அதிகம் கேட்பது. நோயாளி என்று சொல்லிவிட்டால் பொறுப்பிலிருந்து நழுவ வழி கிடைக்கும். மனைவியை அடித்தவன், தாலியை அடகு வைத்தவன், எல்லோரும் நோய் என்று சொல்லித் தப்பிப்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் தங்களை நோயாளி என்று முதலில் ஒப்புக்கொண்டவர்களின் நடைமுறையைப் பார்த்தால் எதிர்மாறாக இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளில், யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதுவது ஒன்று, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது இன்னொன்று. நீரிழிவு வந்தவரிடம் எந்த மருத்துவரும் இப்படிக் கேட்பதில்லை. நோயும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் தர்க்கம்.

இப்போது ஆங்கிலத்தில் 'ஆல்கஹாலிக்', 'அடிக்ட்' என்ற சொற்களையும் கைவிடச் சொல்கிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு 2017-இல் அப்படித்தான் திருத்தியது. ஆனால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் மாலைக் கூட்டங்களில் அதே சொல்லால்தான் ஒருவர் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மருத்துவக் குறிப்பேட்டில் எழுதுபவருக்கும் தன்னைப் பற்றிப் பேசுபவருக்கும் ஒரே இலக்கணம் தேவையில்லை. தன்னை அப்படி அழைத்துக்கொள்கிறவரைத் திருத்தப் போவது, பெயர் வைக்கும் உரிமையை மறுபடி அவரிடமிருந்து பிடுங்குவதாகவே முடியும்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வெகுகாலம் கடையைப் பற்றியதாகவே இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1983-இல் டாஸ்மாக் பிறந்தது என்று கடை திறப்பும் மூடுதலும்தான் நம் வரலாறு. குடித்தவர் அதில் வாக்காளராகவோ பலியாடாகவோ வந்துபோனார். 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை வந்த பிறகுதான் அவர் நோயாளியாக ஒரு படுக்கையில் இடம்பெற்றார். அந்த இடமும் இன்றுவரை அரிது: 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுச் சார்புநிலையில் உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. குடிநோயாளி என்ற சொல் பரவிய வேகத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

மற்ற போதைப் பொருள்களைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் இன்னும் பழைய பாதையில் நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், 'அடிக்ட்' என்பவரை இன்று அப்பொருள்களின்மீது சார்புநிலை கொண்டவர் என்று மருத்துவ மொழியில் வரையறுக்கிறது. சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதன் 64-ஏ பிரிவு, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மறுபடி விழுவது இந்த நோயின் இயல்பு என்று மருத்துவர்கள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிகிச்சையின் நடுவே விழுகிறவருக்கு வழக்கு காத்திருக்கலாம்.