மணலில் இருவர்: கிழக்குக் கரையும் பல்கலைக்கழகப் பெண்களின் கடற்கரைக் கரப்பந்தாட்டமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், களுதாவளைக்குச் சற்று முன்பாக வருகிறது தேற்றாத்தீவு. பெயரில் தீவு இருந்தாலும் அது தீவல்ல. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே எழுவான்கரையின் ஒடுங்கிய நிலத்துண்டு. பிரதான வீதியிலிருந்து கிழக்கே நடந்தால் மணல் தொடங்கிவிடும். இப்படியான கரையோரக் கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பெண் பிள்ளைகளுக்கு, உலகில் மிகக் குறைந்த செலவில் அணி அமைக்கக்கூடிய விளையாட்டுகளில் ஒன்று வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. அதுதான் கடற்கரைக் கரப்பந்தாட்டம்.

கரப்பந்தாட்டம் இலங்கைக்கு 1916இல் வந்தது. கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் பணியாற்றிய அமெரிக்கரான கமக் அதை அறிமுகப்படுத்தினார். 1991இல் அது நாட்டின் தேசிய விளையாட்டானது. எங்கள் ஊர்களில் கோயில் வீதியிலும் பாடசாலை மைதானத்திலும் வலை கட்டி ஆடாத இளைஞர்கள் குறைவு. பெண்களுக்கு வலைப்பந்தும் எல்லேயும் என்று ஒதுக்கப்பட்டதில் விதி எதுவும் இல்லை, பழக்கம்தான்.

கடற்கரை ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இருவர் மட்டுமே. மாற்று வீராங்கனை இல்லை. ஆடுகளம் 16 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். உள்ளரங்கக் களத்தை விட நீளத்திலும் அகலத்திலும் சிறிது. ஆனால் அங்கே ஆறு பேர் பார்க்கும் வேலையை இங்கே இருவர் பார்க்க வேண்டும், அதுவும் வெறுங்காலுடன், புதையும் மணலில். பெண்களுக்கான வலையின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான்: 2.24 மீற்றர். பந்து சற்றுப் பெரியது, காற்றழுத்தம் குறைந்தது. முதல் இரண்டு சுற்றுகளும் 21 புள்ளிகளுக்கு, தேவைப்பட்டால் மூன்றாவது 15க்கு. விரல் நுனிகளால் பந்தை மெல்லத் தட்டி எதிர்ப்பக்கம் போடுவது இங்கே தவறு. விரல் முட்டியாலோ உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ தட்டலாம். வலையில் தடுக்கும்போது பந்து கையில் பட்டால் அதுவும் மூன்று தொடுகைகளில் ஒன்றாகக் கணக்கிடப்படும். உள்ளரங்கில் ஆடிப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களிலும்தான்.

பந்து பரிமாறப்படும் முன் வலையோரம் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் என்றால் பக்கக் கோட்டோரமாக வரும் அடியைத் தடுப்பேன், இரண்டு விரல் என்றால் குறுக்காக வரும் அடியைத் தடுப்பேன் என்று பொருள். மிச்ச இடம் பின்னால் நிற்பவரின் பொறுப்பு.

காற்றை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றும், மாரியின் வாடையும் பந்தை எங்கே கொண்டுபோகும் என்பது கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். காற்றுக்கு எதிரே நின்று பரிமாறுவதே பலருக்கு விருப்பம். பந்து திடீரென்று கீழே இறங்கும். காற்றும் வெயிலும் ஒருவருக்கே சாதகமாகிவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு 7 புள்ளிக்கும் பக்கம் மாறுவார்கள், கடைசிச் சுற்றில் 5 புள்ளிக்கு ஒருமுறை.

பல்கலைக்கழகப் பெண்கள் அணி என்ற ஏற்பாடு முழு வடிவம் பெற்ற இடம் அமெரிக்கா. அங்கே 1972இல், கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அரச நிதி பெறும் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் சம வாய்ப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. புதிய பெண்கள் அணிகளைத் தேடிய நிர்வாகங்களுக்குக் கடற்கரைக் கரப்பந்து வசதியாக இருந்தது. நல்லெண்ணம் எவ்வளவு, சட்டத்தின் நெருக்குதல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்; நெருக்குதல் இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். முதலில் வளர்ந்துவரும் விளையாட்டுகளின் பட்டியலில் இருந்தது. 40 பல்கலைக்கழகங்கள் அணி அமைத்த பிறகே தேசிய சம்பியன் போட்டிக்கு வழி பிறந்தது. 2016 மே மாதம் அலபாமா மாநிலத்தின் கல்ஃப் ஷோர்ஸ் கடற்கரையில் நடந்த முதல் போட்டியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வென்றது. அங்கே ஓர் அணி என்பது ஐந்து இணைகள். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்லும் பல்கலைக்கழகத்துக்கு வெற்றி.

2025இல் அந்தப் பட்டத்தை வென்றது டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அது இருக்கும் போர்ட் வேர்த் நகருக்கும் கடலுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம். மணலைக் கொண்டுவந்து கொட்டிக் களம் செய்து வென்றார்கள். சர்வதேச விதி கேட்பது குறைந்தது 40 சென்ரிமீற்றர் ஆழ மணல், அவ்வளவுதான்.

பெற்றோர் முதலில் கேட்பது உடுப்பைப் பற்றி. அந்தக் கேள்வியில் பிழை இல்லை. நீச்சலுடையே சீருடை என்று சர்வதேச சம்மேளனம் நீண்ட காலம் வற்புறுத்தியது. 2012இல் அதைத் தளர்த்தி, அரைக் காற்சட்டைக்கும் கைவைத்த மேற்சட்டைக்கும் இடம் கொடுத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் இணை முழுக்கையும் நீளக் காற்சட்டையும் அணிந்து ஆடியது. அவர்களில் டோவா எல்கோபாஷி தலையையும் மூடியிருந்தார். எதிரே நின்ற ஜேர்மன் இணை வழக்கமான உடையில் ஆடியது, பிறகு தங்கமும் வென்றது. அந்தப் படம் உலகெங்கும் பரவியது. தமிழ், முஸ்லிம் மாணவிகள் ஒரே வகுப்பில் படிக்கும் எங்கள் மாகாணத்தில், உடுப்பைக் காரணம் காட்டி இந்த விளையாட்டை ஒதுக்க இனி இடமில்லை.

உடுப்பை விடக் கனமானது பயம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது வந்தாறுமூலை வளாகம். 1990இல் அது அகதி முகாமானது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி அங்கே தஞ்சமடைந்திருந்த 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். யாரும் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. பொழுதுபடும் முன் வீட்டுக்கு வா, கடற்கரைக்குத் தனியே போகாதே என்று ஒரு தாய் சொல்வதற்குப் பின்னால் இவையெல்லாம் இருக்கின்றன. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. பயிற்சியைப் பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிப்பது, கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புவது, பெண் பயிற்றுநர் ஒருவர் கூட இருப்பது ஆகியவை அந்தப் பயத்துக்கான மரியாதையான பதில்கள்.

செலவு என்று பார்த்தால் இரண்டு கம்பங்கள், ஒரு வலை, எல்லைக்கு நாடா, இரண்டு மூன்று பந்துகள். உண்மையில் பணம் தேவைப்படுவது களத்துக்கு அல்ல. கிட்டவே ஒரு கழிப்பறைக்கும் உடுப்பு மாற்றும் அறைக்கும். திட்ட அறிக்கைகளில் மின்விளக்கும் பார்வையாளர் அரங்கும் முதலில் வரும், கழிப்பறை கடைசியில் வரும். மாணவிகள் பாதியில் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடம் தெரிவு செய்யும்போது கரைவலைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். வலை இழுக்கும் பாட்டிலும், தோணி ஏற்றும் இடத்திலும் கம்பம் நடக்கூடாது. களத்தை வடக்குத் தெற்காக அமைத்தால் சாயும் வெயில் யாருடைய கண்ணிலும் நேரே குத்தாது. ஒவ்வொரு நாளும் ஆடுவதற்கு முன் மணலை வாரிப் போத்தல் துண்டு, சிப்பி, தூண்டில் முள் ஆகியவற்றைப் பொறுக்க வேண்டும். ஐப்பசி பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் கம்பங்களைக் கழற்றி வைத்துவிட்டு, தை கழிந்து மணல் காய்ந்த பிறகு திரும்ப நட்டுக்கொள்ளலாம்.