கவசம் விற்ற காசும் கத்ருந் நதாவின் சீரும்

எங்கள் கல்லூரியில் ஓதித் தேறிய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். தம் தங்கையின் நிகாஹ் அழைப்பிதழில் இடம்பெறவிருந்த அரபு வாசகத்தில் பிழை உண்டா எனப் பார்த்துத் தர வேண்டும் என்றார். ஓர் உயிர்க்குறி மட்டுமே இடம் மாறியிருந்தது, திருத்தினேன். தாளைத் திருப்பியபோது மறுபக்கத்தில் திருமணச் செலவுப் பட்டியல் இருந்தது. மண்டபம், மேடை அலங்காரம், பிரியாணி, படப்பிடிப்பு, பாத்திரச் சீர், மாப்பிள்ளை வீட்டாருக்கான மறுவிருந்து என வரிசையாக எழுதி, அடியில் 11,40,000 ரூபாய் எனக் கூட்டியிருந்தார்கள். அதன் கீழே ‘கையில்’ என்று குறித்து 4,00,000. அதற்கும் கீழே, எண் எதுவுமின்றி, ஒரே ஒரு சொல்: ‘நஞ்சை’.

அந்தப் பட்டியலில் எனக்கு உறுத்தியது கூட்டுத்தொகை அன்று, வரிகளின் வரிசை. செலவு முதலில் வந்தது, கையிருப்பு அதன் பின் வந்தது, நிலம் கடைசியில் வந்தது. இஸ்லாமிய வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் இந்த வரிசைக்கும் இதற்கு நேர் எதிரான வரிசைக்கும் சான்றுகளைக் காணலாம். திருமணச் செலவின் வரலாறு என்பது பெரும்பாலும் இவ்விரு வரிசைகளின் வரலாறே என்பது என் கருத்து.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருப் போருக்குப் பின் அலீ (ரலி) அவர்களுக்கும் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் நடந்த திருமணத்திலிருந்து தொடங்குவோம். மணமகளுக்குக் கொடுக்க ஏதேனும் உண்டா என நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, தம்மிடம் ஒன்றுமில்லை என்றார்கள் அலீ (ரலி). அந்த ஹுதமிய்யாக் கவசம் என்னவாயிற்று என்று அடுத்துக் கேட்டார்கள் நபியவர்கள். கையில் என்ன உண்டு என்ற கேள்வியே இத்திருமணத்தின் தொடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். கவசம் விற்ற விலையை 480 திர்ஹம் என்று கூறும் அறிவிப்புகளும் உண்டு, 400 என்பனவும் உண்டு. 480 திர்ஹம் என்பது 12 ஊக்கியா. நபியவர்களின் துணைவியருக்கு அளிக்கப்பட்ட மஹர் 12 ஊக்கியாவைத் தாண்டவில்லை என்று உமர் (ரலி) அவர்களும், பன்னிரண்டரை, அதாவது 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்களும் தெரிவித்திருப்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மஹருக்கு வழி பிறந்தது. வலீமாவுக்கு? இவ்விடத்தில் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஒரு செய்தியை நம் திருமணச் சொற்பொழிவுகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. அலீ (ரலி) அவர்களிடம் இரண்டு பெண் ஒட்டகங்கள் இருந்தன. ஒன்று பத்ரின் போர்ப்பொருளில் கிடைத்த பங்கு. மற்றது குமுஸ் என்னும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நபியவர்கள் அளித்தது. கைனுகாக் குலத்துப் பொற்கொல்லர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, காட்டுக்குச் சென்று இத்கிர் புல் அறுத்து, ஒட்டகங்களில் ஏற்றி வந்து பொற்கொல்லர்களுக்கு விற்று, அந்த வருவாயில் விருந்தளிப்பது என அவர்கள் திட்டமிட்டார்கள். இத்கிர் நம்மூர் எலுமிச்சம்புல்லின் இனத்தைச் சேர்ந்த நறுமணப் புல். கொல்லர்களின் உலைக்கும் வீட்டுக் கூரைக்கும் வேண்டப்பட்ட பொருள். கடன் இல்லை, யாரிடமும் கையேந்தல் இல்லை. இரண்டு ஒட்டகமும் ஒரு கூட்டாளியும் தம் உடலுழைப்பும் மட்டுமே. ஒரு திருமணச் செலவுக்கு இவ்வளவு தெளிவான திட்டம் அக்கால நூல்களில் வேறு எங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

அத்திட்டம் நிறைவேறவில்லை. அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டருகே ஒட்டகங்களைப் படுக்க வைத்துவிட்டு, சேணமும் சாக்கும் கயிறும் திரட்டச் சென்ற அலீ (ரலி) திரும்பி வந்தபோது, ஒட்டகங்களின் திமில்கள் அறுக்கப்பட்டு, விலாக்கள் கிழிக்கப்பட்டு, ஈரல்கள் எடுக்கப்பட்டிருந்தன. அது மது விலக்கப்படாத காலம். பக்கத்து வீட்டில் மது அருந்திக்கொண்டிருந்த அவர்களுடைய சிறிய தந்தை ஹம்ஸா (ரலி), பாடகி ஒருத்தியின் பாடலால் தூண்டப்பட்டு வாளுடன் எழுந்து செய்த செயல் அது. அந்தக் காட்சியைக் கண்டு கண்ணீரை அடக்க முடியவில்லை என்று அலீ (ரலி) அவர்களே பின்னாளில் தம் மகன் ஹுஸைன் (ரலி) அவர்களிடம் கூறியிருக்கிறார்கள். மகன் வழியாகப் பேரர் அறிவித்து நம்மை வந்தடைந்த செய்தி இது. நபியவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) உடன்வர ஹம்ஸாவைக் காணச் சென்றதும், அவர் தம் நிலையில் இல்லை என்பதை உணர்ந்து பின்வாங்கி வெளியேறியதும் அதே அறிவிப்பில் உள்ளன. மது பற்றிய சட்டத்தின் வரலாற்றுக்காகவே அறிஞர்கள் இதனைப் பெரிதும் எடுத்தாள்கிறார்கள். விருந்துக்கான முதல் முழுவதையும் ஒரே பகலில் இழந்த ஓர் இளைஞரின் கதையாகவும் இதனைப் படிக்கலாம்.

முதல் அழிந்தபின் விருந்து பெரிதாகவில்லை, கடனும் வாங்கப்படவில்லை. முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் அறிவிப்பின்படி, ஸஅத் என்னும் தோழர் தம்மிடமிருந்த ஆட்டுக்கடா ஒன்றைத் தந்தார். அன்ஸார்கள் சில ஸாஉ சோளம் சேகரித்துக் கொடுத்தார்கள். அதுவே நபிமகளின் திருமண விருந்து. மணமகளோடு சென்ற பொருள்கள் ஒரு போர்வை, ஒரு தண்ணீர்த் தோற்பை, ஒரு தலையணை என நஸாயீ பதிவு செய்கிறார். தலையணைக்குள் அடைக்கப்பட்டிருந்தது இத்கிர் புல். விற்க முடியாமற்போன அதே புல்தான் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

வசதி குறைந்தவர்களின் கதைதானே இது என்று சிலர் எண்ணக்கூடும். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் திருமணம் அதற்கு விடை. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தவர். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த சகோதரரிடம் சந்தைக்கு வழி மட்டும் கேட்டவர். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று நிமிர்ந்தவர். பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராகத் தந்து மணம் முடித்தார். நபியவர்களுக்கே அச்செய்தி தெரிந்தது பிறகுதான். அதுவும் அவர் மேல் மஞ்சள் நறுமணக் கறையைக் கண்டு வினவியபோது! ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்தளிக்குமாறு நபியவர்கள் பணித்தார்களே ஒழிய, தம்மை அழைக்கவில்லையே எனக் கேட்டதாக எந்த அறிவிப்பும் இல்லை. அழைப்பு வராத குறைக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சை முறித்துக்கொள்ளும் குடும்பங்களை நம் ஊர்களில் நாம் அறிவோம்.

இருநூறு ஆண்டுகளுக்கும் சற்று மேலாகக் கழிந்தபின், ஹிஜ்ரி 210இல் (கி.பி. 825), வாஸித் நகருக்கு அருகில் ஃபமுஸ் ஸில்ஹ் என்னுமிடத்தில் கலீஃபா மஃமூன், அமைச்சர் ஹஸன் பின் ஸஹ்லின் மகள் பூரானை மணந்தார். (பூரான் என்ற பெயர் தமிழ்ச் செவிக்கு ஒருமாதிரி ஒலிக்கலாம், ஸாஸானிய அரசி ஒருத்தி தாங்கிய பழம்பாரசீகப் பெயர் அது.) மணமக்கள் மீது ஆயிரம் முத்துகள் சொரியப்பட்டன. கஸ்தூரி உருண்டைகளுக்குள் நிலம், அடிமை, குதிரை ஆகியவற்றின் பெயர் எழுதிய சீட்டுகளை வைத்து விருந்தினர் மேல் வீசினார்கள். சீட்டு கிடைத்தவருக்குப் பொருள் சொந்தம். நாற்பது மன்னு எடையுள்ள அம்பர் மெழுகுவத்தி ஏற்றப்பட்டபோது மஃமூனே இது வீண்விரயம் எனக் கடிந்துகொண்டதாகத் தபரீ எழுதுகிறார். பெண்ணின் தந்தைக்கு ஆன செலவு ஐந்து கோடி திர்ஹம். விடைபெறும்போது கலீஃபா ஒரு கோடி திர்ஹமை அவருக்கு வழங்கச் செய்தார். அதுவும் ஃபாரிஸ் மாகாணத்து வரிப்பணத்திலிருந்து. ஆக மாப்பிள்ளை மனமுவந்து செய்த ஈடும் குடிமக்களின் கையிருப்பே.

இதைவிடப் பாடம் நிறைந்தது எகிப்தின் கதை. அஹ்மத் பின் தூலூன் 884இல் இறந்தபோது கருவூலத்தில் ஒரு கோடி தீனார் விட்டுச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவருடைய மகன் குமாரவைஹ், பக்தாதுடன் உறவை உறுதிப்படுத்த விரும்பித் தம் மகள் கத்ருந் நதாவைக் கலீஃபா முஃததிதின் மகனுக்குத் தர முன்வந்தார். ‘பனித்துளி’ என்பது அப்பெயரின் பொருள். கலீஃபாவோ தாமே மணந்துகொள்வதாகக் கூறினார். மஹர் பத்து இலட்சம் திர்ஹம். அன்றைய முறைப்படி அது பெருந்தொகைதான். ஆனால் மஹருக்கு ஏற்ற சீர் வேண்டுமே!

சீரைத் திரட்டும் பொறுப்பு இப்னுல் ஜஸ்ஸாஸ் என்னும் நகை வணிகரிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவைத் திட்டமிட வேண்டிய இடத்தில் பொருளை விற்பவரையே அமர்த்தினார் குமாரவைஹ். பொன்னாலான இருக்கை, அதன்மேல் பொன் வலைப்பின்னலில் குவிமாடம், பின்னலின் கண்தோறும் தொங்கும் மணிக்கல். வாசனைப் பொருள் இடிக்கப் பொன் உரல்கள். காற்சட்டைக்குக் கட்டும் நாடாக்கள் மட்டும் ஆயிரம், அவற்றின் விலை பத்தாயிரம் தீனார். எவர் கண்ணிலும் படாத நாடாவுக்குப் பத்துப் பத்துத் தீனார்! எகிப்திலிருந்து பக்தாது வரை மணமகள் தங்கும் ஒவ்வொரு கட்டத்திலும், தன் தந்தையின் வீட்டில் இருப்பதாகவே அவள் உணரும்படி ஒரு மாளிகை எழுப்பப்பட்டது. ஏற்பாடெல்லாம் முடிந்தபின் கணக்கில் ஏதேனும் பாக்கி உண்டா எனக் குமாரவைஹ் கேட்டாராம். சில்லறை மட்டும்தான் என்றாராம் வணிகர். அந்தச் ‘சில்லறை’ நான்கு இலட்சம் தீனார் என்று மக்ரீஸீ வழியாக அறிகிறோம். உடன்படிக்கைப்படி எகிப்து ஆண்டுதோறும் பக்தாதுக்குச் செலுத்த வேண்டிய திறையே மூன்று இலட்சம் தீனார்தான்.

தொகைகளில் மிகைப்படுத்தல் இருக்கலாம். நாடாக்களை எண்ணியவர் யார் என்று கேட்பதும் நியாயமே. விளைவுகளில் ஐயமில்லை. 895இல் மணமகள் பக்தாதை அடைந்தாள். மறு ஆண்டே குமாரவைஹ் டமாஸ்கஸில் தம் பணியாளர்களாலேயே கொல்லப்பட்டார். கருவூலம் காலியாகியிருந்தது. படைக்கு ஊதியம் தர வழியற்ற நிலையில் பட்டத்துக்கு வந்த சிறுவனான மகன் ஜைஷ் விரைவில் வீழ்த்தப்பட்டான். கத்ருந் நதாவும் 900இல் இளவயதிலேயே மறைந்தாள். 905இல் அப்பாஸியப் படைத்தலைவர் முஹம்மத் பின் சுலைமான் நுழைந்து தூலூனியர் தலைநகரான கதாயிஉவை இடித்துத் தரைமட்டமாக்கினார். மிஞ்சியது இப்னு தூலூன் பள்ளிவாசல். தூலூனியரைச் செலவால் நலிவிக்கவே முஃததித் இத்திருமணத்தை ஏற்றார் என்று கூறிய வரலாற்றாசிரியர்களும் உண்டு. அது உண்மையெனில், சம்பந்தி கேட்காமலே செய்து கெட்ட வீடு அது.

நம் நாட்டுக்கு வருவோம். 1630 முதல் 1632 வரை குஜராத்தும் தக்காணமும் கொடும் பஞ்சத்தில் சிக்கின. புர்ஹான்பூரில் முகாமிட்டிருந்த ஷாஜஹான், திங்கள்தோறும் ஐயாயிரம் ரூபாயாக இருபது வாரங்களில் ஓர் இலட்சமும், அஹமதாபாத்துக்கு ஐம்பதாயிரமும் பஞ்ச நிவாரணமாக அளித்ததைப் பாதுஷாநாமா பெருமையோடு குறிக்கிறது. நேர்மையாகச் சொல்வதானால், சுமார் எழுபது இலட்சம் வரித் தள்ளுபடியும் உண்டு. பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1633இல், இளவரசர் தாரா ஷிகோவுக்கும் நாதிரா பேகத்துக்கும் ஆக்ராவில் திருமணம். செலவு 32 இலட்சம் ரூபாய். தாய் மும்தாஜ் தொடங்கி வைத்த ஏற்பாடு என்பதால், அவர் மறைந்தபின் மகள் ஜஹானாரா அதில் பாதியைத் தாமே ஏற்று நிறைவேற்றினார். தாயின் விருப்பம் என்று சொல்லிவிட்டால் கணக்குப் பார்க்க எவருக்குத்தான் மனம் வரும்!

சட்டத்தால் இதற்கு வரம்பு கட்ட முயன்றோரும் உண்டு. மஹரை உயர்த்த வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரிலிருந்து அறிவுறுத்தியது ஸுனன் நூல்களில் உள்ளது. குர்ஆன் வசனத்தைக் காட்டி ஒரு பெண் மறுத்ததாக வரும் புகழ்பெற்ற பகுதியின் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ் ஆய்வாளர் பலர் குறை கண்டிருக்கின்றனர் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பாகிஸ்தானின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் சீருக்கு ஐயாயிரம் ரூபாயும் ஏனைய திருமணச் செலவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறும் உச்சவரம்பு விதித்தது. சமூகம் அதனைத் தாண்டிச் சென்றது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், முஸ்லிம்களின் மஹரை வரதட்சணை என்ற வரையறையிலிருந்து நீக்கியே வைத்துள்ளது. பெண் பெறுவதற்கும் பெண் வீட்டார் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் அறிந்திருக்கிறது. அதே மண்டபத்தில் மஹரைச் சில ஆயிரங்களில் எழுதிவிட்டுக் கைக்கூலியை இலட்சங்களில் பேசும் நம்மவர்கள்தாம் அதனை மறந்திருக்கிறோம்.

மாணவரிடம் இவை அனைத்தையும் சொல்லவில்லை. அலீ (ரலி) அவர்களின் இரண்டு ஒட்டகங்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் ஓதியிருந்த ஹதீஸ்தான். ஆயினும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். “மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று ஹஜ்ரத், அதைத் திரும்பத் தரமாட்டார்கள். அத்தாவிடம் மற்றதைப் பேசிப் பார்க்கிறேன்” என்றார். நான் பேனாவை எடுத்து, பட்டியலின் தலைப்பில் இருந்த வெற்றிடத்தில் 4,00,000 என்று எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மேடை அலங்காரம் நின்றது, படப்பிடிப்பு நின்றது, மறுவிருந்துக்கு மாப்பிள்ளையின் தந்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாத்திரச் சீரில் மட்டும் அவருடைய அம்மா பிடிவாதமாக இருக்கிறார். நஞ்சையில் பாதியை ஒற்றிக்கு வைக்கப் பேச்சு நடக்கிறது. மற்றப் பாதியில் இப்போது நடவு முடிந்திருக்கிறது.