முகமும் உரிமையும்

ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜவாய்க்காலில், மதகு நீரைக் காக்கிறது. எனினும் கடைமடைக்கு நீர் சேர்வதே அதன் நோக்கம். வாக்காளர் அடையாள அட்டையையும் நாம் இவ்வாறே நோக்கலாம்.

1960இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலுக்காகப் படம் எடுக்க முயன்றபோது, பெண்கள் பலர் அதற்கு மறுத்தனர், முயற்சி பலிக்கவில்லை. 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் புகைப்பட அட்டைக்கு ஆணையிட்டார். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது தேவையே. ஆயினும், அட்டை வழங்காவிடில் தேர்தலே இல்லை என்ற அவரது எச்சரிக்கைக்கு உச்ச நீதிமன்றம் இசையவில்லை. அரசின் தாமதத்திற்காக ஏழை உரிமையிழப்பது அறமாகுமோ? பின்னர் ஆணையமும் பிற சான்றுகளை ஏற்றது.

நல்ல ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பது வழிநடத்தவே, விலக்க அன்று. நம் பங்கில் சான்றேதுமற்ற முதியோர் உளரோ என முதலில் நாமே தேடுவோம்.