பழைய துப்பாக்கிக்குப் புதுக் கட்டையா?

1875-ல பர்மிங்ஹாம்ல ஆன்சன், டீலின்னு ரெண்டு பேர் 'பாக்ஸ்லாக்' விசையமைப்புக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அந்த வகை இரட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு இன்னைக்கு உங்க கைக்கு வருதுன்னு வைங்க. தோளில் வைக்கிற வால்நட் கட்டையில விரிசல். மாத்தலாமா?

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். பல வருஷம் நிமிர்த்தியே வெச்சதுல, விசையில போட்ட எண்ணெய் கீழே இறங்கி மரத்துல ஊறி, மரம் மெத்துன்னு ஆயிடும். சுடும்போது உதைப்பு அங்கேதான் விழும்.

ஆனா ஒண்ணு. ஆர்டர் கொடுத்துச் செஞ்ச கட்டைன்னா அதோட நீளம், வளைவு எல்லாம் முதல் சொந்தக்காரரோட உடம்பு அளவு. லேசா வலப்பக்கம் சாய்ஞ்சிருந்தா, வலது தோள்ல வெச்சுச் சுட்டவர். டாக்டர் கண்ணுக்கு அது ஒரு கேஸ் ஷீட்!

அதனால முதல்ல எண்ணெயை எடுத்து ஒட்டிப் பாருங்க. முடியலைன்னா புதுக் கட்டை போடுங்க, தப்பில்ல. பழசைத் தூக்கி எறியாதீங்க.

எனக்குப் பயம் குழல் விஷயத்துலதான். உள்ளே துருக்குழியைத் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும். ரத்தக்குழாய் சுவர் மெலிஞ்சா என்ன ஆகும்? அதேதான்.

பர்மிங்ஹாம்ல இதுக்குன்னே 1813-ல சட்டம் போட்டு புரூஃப் ஹவுஸ் வெச்சாங்க. வழக்கத்தைவிட அதிக மருந்து (வெடிமருந்துங்க!) போட்டுச் சுட்டு, தாங்கினாத்தான் முத்திரை. தேய்ச்சதுல துளை அளவுக்கு மேல அகலமாச்சுன்னா பழைய முத்திரை செல்லாது. மறுபடியும் அதே சோதனை. அதுல குழல் வெடிச்சாலும் நஷ்டம் உங்களுது.