கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை: ஒரே நீர்ப்பரப்பில் இரு மாநில விதிகள்

திருப்பதி: வங்கக் கடலில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் காக்கும் நோக்கில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடை அமலில் இருக்கும். ஆந்திரம், தமிழகம் உள்ளிட்ட கிழக்குக் கடலோர மாநிலங்கள் அனைத்துக்கும் இக்காலம் பொதுவானது. எனினும், எந்தப் படகு கரையில் நிற்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

திருப்பதி மாவட்டக் கடற்கரை

2022 ஏப்ரல் 4-இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. நெல்லூரிலிருந்து பிரிந்து வந்த வாகாடு, சூலூர்பேட்டை பகுதிகளே திருப்பதிக்குக் கடலைத் தந்தன. தடா, சூலூர்பேட்டையை ஒட்டிய பழவேற்காடு ஏரி, ஆந்திரம், தமிழகம் என இரு மாநிலங்களிலும் பரவியுள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில் அறிவிக்கப்பட்ட கடற்பகுதிக்குள் செல்லவும் மீனவர்களுக்கு அனுமதியில்லை.

தடை யாருக்கு?

ஆந்திரத்தில் விசைப்படகுகளுடன் மோட்டார் பொருத்திய படகுகளும் தடைக்கு உள்பட்டவை. துடுப்பு, பாய் கொண்டு இயங்கும் பாரம்பரியப் படகுகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தமிழகத்தில் விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் மட்டுமே தடை. ஃபைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் கரையையொட்டி மீன்பிடிக்கலாம். எனவே, எல்லைக்குத் தெற்கே கடலுக்குச் செல்லும் அதே வகைப் படகு, வடக்கே கரையில் நிற்க நேரிடுகிறது.

விதியை மீறினால் ஆந்திரக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1994-இன்கீழ் படகும் மீன்களும் பறிமுதல் செய்யப்படுவதுடன், அபராதமும் விதிக்கப்படும். டீசல் மானியமும் நிறுத்தப்படும்.

நாள்கள் உயர்ந்தது எப்படி?

ஆந்திரத்தில் முன்பு ஏப்ரல் 15 முதல் மே 31 வரை 47 நாள்களே தடை இருந்தது. 2015-இல் மத்திய அரசு அதை 61 நாள்களாக உயர்த்தியது. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை அமலாகிறது.

வருவாய் இழப்புக்கு உதவி

இரண்டு மாதங்கள் தொழில் முடங்குவதால் மீனவர் குடும்பங்களுக்கு அரசுகள் நிவாரணம் வழங்குகின்றன. ஆந்திரத்தில் ரூ.10,000-ஆக இருந்த உதவித்தொகை 2025-இல் ரூ.20,000-ஆக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் இத்தொகை ரூ.8,000.

ஆழ்கடலுக்குப் புதிய விதிகள்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் விதிகளும், அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் விதிகளும் பொருந்தும். 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, இப்பகுதியில் மீன்பிடிக்க விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையவழியில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பாரம்பரியப் படகுகளுக்கும் சிறிய படகுகளுக்கும் இது தேவையில்லை. எல்இடி விளக்கொளியில் மீன்பிடிப்பதும், இரு படகுகள் இணைந்து ஒரே வலையை இழுப்பதும் அனைவருக்கும் தடை செய்யப்பட்டுள்ளன.

தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்தாலும், கரையோரப் பகுதி பாரம்பரிய மீனவர்களுக்கே உரியது. ஆந்திரத்தில் கரையிலிருந்து 8 கி.மீ. தொலைவுக்குள் விசைப்படகுகள் ஆண்டு முழுவதும் மீன்பிடிக்கக் கூடாது.